டிஸ்ப்ளே டிரைவரில் நேரப் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவரில் ஒரு மதிப்பு தவறாக எழுதப்பட்டிருந்தால் திரை எப்போதும் தவறாகவே இருக்கும். அந்த மதிப்பு இருக்கும் சிப்பின் சிறு நினைவிடமான ரெஜிஸ்டரைப் படித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். நேரம் தவறியிருந்தால் அப்படிப் பிடிபடாது. மதுரைப் பக்கம் கப்பலூரிலோ கே.புதூரிலோ பட்டறை மேசையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பலகை (சர்க்யூட் போர்டு), மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை, பிச்சி, கனகாம்பரம் விலையை ஓடும் எழுத்தில் காட்டத் தொடங்கியதும் வெட்டி வெட்டி நகரும். காரணம் தேடி லேப்டாப்பை இணைத்தால் கோளாறு மறைந்துவிடும். இந்த வழிமுறை அத்தகைய கோளாறுகளுக்காக எழுதப்பட்டது. லினக்ஸ் கர்னலில் திரைகளைக் கையாளும் பகுதியான டிஆர்எம் கட்டமைப்பில் டிரைவர் எழுதுபவர்களையும், பிறர் எழுதிய டிரைவரைத் தம் பலகைக்குப் பொருத்துபவர்களையும் மனத்தில் கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாமல் எந்த இடத்திலும் தாமதத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். 10 மில்லி நொடியை 50 ஆக்கினால் கோளாறு மறையலாம். ஆனால் அது தீரவில்லை, வேறு பலகையில், வேறு பேனலில், வேறு வெப்பத்தில் திரும்பி வரும். அதற்குப் பதிலாக, கோளாறு எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எப்போதும் இருக்கிறதா, சீரான இடைவெளியில் வருகிறதா, வேலைப்பளு கூடும்போது மட்டும் ஒழுங்கின்றி வருகிறதா, அல்லது பூட், ஸ்லீப், கேபிள் செருகல் போன்ற நிலைமாற்றத்தின்போது மட்டும் வருகிறதா என்ற நான்கில் ஒன்றைத் தீர்மானித்துவிட்டாலே தேட வேண்டிய இடம் பெருமளவு குறுகிவிடும்.

சோதனைப் படம்

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் ஒருமுறை வரையப்படும் முழுப் படத்துக்கும்) ஒரு வரிசை எண் கொடுத்து, அந்த எண்ணைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் திரையின் மேல் ஓரத்திலும் நடுவிலும் கீழ் ஓரத்திலும் வரையும் ஒரு சிறு நிரலை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு செல்போனின் ஸ்லோமோஷனில் 240 ஃபிரேம் வேகத்தில் திரையைப் படம் எடுத்தால், 60 ஹெர்ட்ஸ் திரையின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நான்கு படங்கள் கிடைக்கும். எண்கள் 41, 42, 42, 44 என்று போனால் ஒரு ஃபிரேம் தவறியிருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

இந்தப் படங்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்சிடி திரை மேலிருந்து கீழாக எழுதப்படுவதால், ஒரு படத்தில் மேலே புதிய எண்ணும் கீழே பழைய எண்ணும் இருப்பது இயல்பு. அடுத்தடுத்த படங்களில் அந்த எல்லை கீழே இறங்கிக்கொண்டே போகும். மாறாக, மேலே பழைய எண்ணும் கீழே புதிய எண்ணும் இருந்தால் அதுதான் உண்மையான கிழிசல், அதாவது ஃபிரேமைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பஃபர் (படம் வைக்கப்பட்டிருக்கும் நினைவகப் பகுதி) மாறியிருக்கிறது என்று பொருள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், சரியாக இருக்கும் டிரைவரைத் திருத்தப் போவது எளிதில் நேர்ந்துவிடும்.

படமே வரவில்லை, அல்லது படம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது

எப்போதும் இருக்கும் கோளாறு என்றால் மோடின், அதாவது திரையின் அளவும் வேகமும் அடங்கிய அமைப்பின், எண்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு எச்டிஎம்ஐ வழக்கில் பிக்சல் கிளாக் (பிக்சல்கள் அனுப்பப்படும் வேகம்) 148.5 மெகாஹெர்ட்ஸ். கிடைவாட்டில் 1920 பிக்சலோடு, படம் இல்லாத இடைவெளிகளான முன் போர்ச் 88, சிங்க் (வரி முடிவைச் சொல்லும் துடிப்பு) 44, பின் போர்ச் 148 சேர்ந்து மொத்தம் 2200 பிக்சல்கள். செங்குத்தில் 1080 வரியோடு, அதே வரிசையில் 4, 5, 36 சேர்ந்து மொத்தம் 1125 வரிகள். 148.5 மெகாஹெர்ட்ஸை 2200ஆலும் 1125ஆலும் வகுத்தால் சரியாக 60 வரும்.

மானிட்டர் தன்னைப் பற்றி அனுப்பும் விவரத் தொகுப்பான இடிஐடியில் விரிவான நேர விவரம் ஒவ்வொன்றும் 18 பைட்டுகள். அதன் முதல் இரண்டு பைட்டுகள் பிக்சல் கிளாக்கை 10 கிலோஹெர்ட்ஸ் அலகில், சிறிய பைட் முன்னே வரும்படி சொல்கின்றன. 148.5 மெகாஹெர்ட்ஸ் என்பது 14850, பதினாறடிமானத்தில் 3ஏ02, எனவே பைட்டுகள் 02, 3ஏ என்ற வரிசையில் இருக்கும். வரிசையை மாற்றிப் படித்தால் 5.7 மெகாஹெர்ட்ஸ் என்று வரும். கர்னலின் மோடு அமைப்பிலோ அலகு கிலோஹெர்ட்ஸ். இந்த இரண்டு அலகுகளும் சந்திக்கும் வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

எண்கள் சரியாக இருந்தும் மானிட்டர் சிக்னலை ஏற்க மறுத்தால், கிளாக்கை உருவாக்கும் சுற்றான பிஎல்எல் உண்மையில் என்ன கொடுக்கிறது என்று அளக்க வேண்டும். டிரைவர் 148.5 கேட்க, வகுப்பான்கள் ஒத்துவராமல் கிளாக் பகுதி 150 மெகாஹெர்ட்ஸைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அப்போது திரை 60.6 ஹெர்ட்ஸில் ஓடும். எச்டிஎம்ஐ வழக்கில் பிக்சல் கிளாக்குக்கு அனுமதிக்கப்படும் பிசகு அரை சதவீதம். இது ஒரு சதவீதம். ஒரு மானிட்டர் பொறுத்துக்கொள்ளும், மற்றொன்று கறுப்பாகிவிடும். கேட்ட மதிப்பை நம்பாமல், கிளாக் அமைத்த பிறகு கிடைத்த மதிப்பைத் திரும்பக் கேட்டு, வரம்புக்கு வெளியே இருந்தால் அந்த மோடையே டிரைவர் மறுக்கும்படி எழுதுவதுதான் முறையான தீர்வு.

ஒன்று கூட, ஒன்று குறைய வரும் பிழையும் இந்த வகையைச் சேர்ந்ததே. பல சிப்களில் ரெஜிஸ்டரில் 2200 எழுதக் கூடாது, 2199 எழுத வேண்டும். சிலவற்றில் போர்ச்சுக்கு மட்டும் அந்தக் கழிவு கிடையாது. கண்ணுக்குப் படம் நன்றாகவே தெரியும் என்பதால் இது நெடுநாள் ஒளிந்திருக்கும். விபிளாங்க் (இரண்டு ஃபிரேம்களுக்கு இடையிலான வெற்று நேரம்) வரும்போதெல்லாம் சிப் சிபியுவுக்கு அனுப்பும் இன்டரப்ட்களை 100 நொடிக்கு எண்ணிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். சரியாக இருந்தால் 6000. கிடை மொத்தம் ஒன்று குறைந்திருந்தால் 6002 அல்லது 6003, ஒன்று கூடியிருந்தால் 5997. செங்குத்து மொத்தம் ஒன்று குறைந்திருந்தால் 6005, ஒன்று கூடியிருந்தால் 5994 அல்லது 5995. ஆனால் 59.94 ஹெர்ட்ஸ் மோடு தெரிவாகியிருந்தாலும் 5994 வரும். அந்த ஐயத்தைத் தீர்க்க 1000 நொடி எண்ண வேண்டும். 59940 என்றால் மோடு 59.94, 59947 என்றால் செங்குத்து மொத்தத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது. பிக்சல் கிளாக்கும் கர்னல் கடிகாரமும் ஒரே கிரிஸ்டலிலிருந்து வரும் பலகைகளில், கிரிஸ்டலின் பிசகு இந்த விகிதத்தைப் பாதிக்காது. இணைய நேரத்தோடு சரிசெய்யப்படாத கடிகாரத்தை மட்டும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

சிங்க் துடிப்பு நேரா எதிரா என்ற துருவத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 720, 1080 வரி எச்டிஎம்ஐ மோடுகளில் இரண்டு சிங்கும் நேர். பழைய 640க்கு 480இல் இரண்டும் எதிர். படம் இல்லாத இடைவெளியைச் சுருக்கிய, குறைந்த பிளாங்கிங் மோடுகளில் கிடை சிங்க் நேர், செங்குத்து சிங்க் எதிர்.

சீரான இடைவெளியில் ஒரு குலுக்கல்

ஓடும் எழுத்து வழுக்கிக்கொண்டு போகையில் ஏறத்தாழ 16.7 நொடிக்கு ஒருமுறை மட்டும் சற்றே துள்ளினால், டிரைவரைக் குடைய வேண்டியதில்லை. ஒரு பக்கம் 60 ஹெர்ட்ஸ், மறு பக்கம் 59.94, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த நேரத்தில் ஒரு முழு ஃபிரேமாகச் சேர்ந்துவிடுகிறது. படம் வரையும் நிரல் தன் சொந்த டைமரை வைத்துக்கொண்டு 60 என்று ஓடுகிறதா, அல்லது டிரைவர் மோடின் வேகத்தை முழு எண்ணாக்கிச் சொல்கிறதா என்று பார்த்தால் போதும். நிரல் தன் டைமரை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமையும் முந்தைய ஃபிரேம் முடிந்த அறிவிப்பைப் பெற்ற பிறகே வரைய வேண்டும்.

நொடிக்குப் பல முறை சீராகத் துள்ளினால் கதை வேறு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைத் தெருமுனைத் திரைகளில் நேரலையாகக் காட்டும்போது, நம் நாட்டு ஒளிபரப்பு வழக்கப்படி கேமரா படம் 25 அல்லது 50 என்ற கணக்கில் வருகிறது. அதை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் படங்கள் ஒரே அளவு நேரம் நிற்காது: 25 கணக்கில் வந்தால் சில படங்கள் இரண்டு ஃபிரேமுக்கும் சில மூன்று ஃபிரேமுக்கும் நிற்கும். கூட்டத்தின் மேலாக கேமரா மெல்ல நகரும்போது அது அப்பட்டமாகத் தெரியும். தீர்வு திரையை 50 ஹெர்ட்ஸில் ஓட்டுவது. அதற்குப் பிக்சல் கிளாக்கைத் தொட வேண்டியதே இல்லை: அதே 148.5 மெகாஹெர்ட்ஸ்தான், முன் போர்ச் மட்டும் 88இலிருந்து 528 ஆகிறது, கிடை மொத்தம் 2640 ஆகிறது. சில டிரைவர்கள் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் ஒப்பிட்டு, இடிஐடியில் இருக்கும் 50 ஹெர்ட்ஸ் மோடை 60இன் மறுபதிப்பு என்று நினைத்துத் தள்ளிவிடுகின்றன, அல்லது அதைக் கேட்டாலும் கிளாக் மாறவில்லை என்பதால் மோடும் மாறவில்லை என்று முடிவுசெய்து ரெஜிஸ்டர்களை எழுதாமல் விட்டுவிடுகின்றன. மோடு ஒப்பீட்டில் எல்லா எண்களையும் சேர்க்க வேண்டும்.

திரை 10 நொடி அசையாமல் நின்று, பிறகு நகர்கிறது

சரியாக 10 நொடி என்றால், அது கர்னல் பொறுமையிழக்கும் நேரம். ஒரு ஃபிரேம் மாற்றம் முடிந்ததற்கான அறிவிப்புக்காக டிஆர்எம் அவ்வளவு நேரம் காத்திருந்து, வரவில்லை என்று பதிவில் எழுதிவிட்டு மேலே போகிறது. எனவே அறிவிப்பு எங்கே தொலைந்தது என்பதே கேள்வி.

பெரும்பாலும் இன்டரப்ட் கையாளும் வரிசையில்தான் தவறு இருக்கும். நிலை ரெஜிஸ்டரைப் படித்து, வேலையை முடித்து, கடைசியில் அதை அழித்தால், இடையில் வந்த அடுத்த இன்டரப்டும் சேர்ந்து அழிந்துபோகும். படித்தவுடன், படித்த பிட்களை மட்டும் அழித்துவிட்டு, அதன் பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது வாய்ப்பு, ஸ்லீப்பிலிருந்து எழுந்தபோது சிப்பின் மின்சாரத்தோடு விபிளாங்க் அனுமதி பிட்டும் போய்விட்டிருப்பது. எழும் வழியில் அந்த ரெஜிஸ்டரை மீண்டும் எழுத வேண்டும். மூன்றாவது, திரையை அணைக்கும் கமிட்டில் (டிரைவருக்கு வரும் மாற்றக் கோரிக்கையில்) அறிவிப்பை அடுத்த விபிளாங்குக்காக நிறுத்திவைப்பது. அணைந்த திரைக்கு அடுத்த விபிளாங்க் கிடையாது. அங்கே அறிவிப்பை உடனே அனுப்பிவிட வேண்டும்.

இதோடு சேர்த்து 5 நொடிக் கணக்கையும் நினைவில் வைக்கலாம். யாரும் கேட்காதபோது விபிளாங்க் இன்டரப்டை நிறுத்திவிடுவதற்கு டிஆர்எம்மின் இயல்பான காத்திருப்பு 5000 மில்லி நொடி. திரை அதற்கு மேல் சும்மா இருந்து, பிறகு வரும் முதல் அசைவு மட்டும் தாவினால், இன்டரப்ட் நின்றிருந்த காலத்து ஃபிரேம் எண்ணிக்கையை டிரைவர் தவறாக ஈடுகட்டுகிறது என்று பொருள். சிப்பில் ஃபிரேம் எண்ணி இருந்தால் அதைப் படித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று நேர்மையாக அறிவித்துவிட வேண்டும், கர்னல் கடிகாரத்தைக் கொண்டு தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் பளிச்சென்று இடம் மாறித் தெரிகிறது

நேரப் பிழைகளில் மிகவும் ஆழமானது இதுதான். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வேலைப்பளு கூடினால் அதிகம் வரும்.

பஃபரின் முகவரி, வரி நீளம், பிளேனின் (படத்தின் ஓர் அடுக்கின்) இடம், அளவு ஆகியவற்றை டிரைவர் ஒவ்வொன்றாக எழுதுகிறது. சிப் அவற்றை உடனே ஏற்பதில்லை. நிழல் ரெஜிஸ்டரில் வைத்திருந்து, விபிளாங்க் தொடங்கும் கணத்தில் ஒருசேர எடுத்துக்கொள்கிறது. முகவரியை எழுதிவிட்டு இடத்தை எழுதுவதற்குள் அந்தக் கணம் வந்துவிட்டால், புதிய பஃபர் பழைய இடத்தில் ஒரு ஃபிரேம் காலம் தெரியும். அடுத்த ஃபிரேமில் எல்லாம் சரியாகிவிடும். பார்ப்பவர் கண்ணில் ஒரு சிமிட்டல். கர்னல் பதிவில் ஒன்றும் இருக்காது.

சிப்பில் ‘இப்போது எடுத்துக்கொள்’ என்ற ஒற்றைப் பிட் இருந்தால் வேலை எளிது: எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் அதை எழுத வேண்டும். அது இல்லாத சிப்களில் விபிளாங்கைத் தவிர்த்து எழுத வேண்டும். ரயில்வே கேட் மூடப்போகிறது என்றால் நின்று, ரயில் போன பிறகு கடப்பதைப் போன்றதுதான் இது. 1080 வரி மோடில் ஒரு வரிக்கு 14.8 மைக்ரோ நொடி. எழுதி முடிக்க 100 மைக்ரோ நொடி ஆகும் என்று அளந்திருந்தால், அது 7 வரிகள். எனவே தற்போதைய வரி எண்ணைப் படித்து, விபிளாங்குக்கு 7 வரிக்கும் குறைவாக இருந்தால் அது தொடங்கும்வரை காத்திருந்து பிறகு எழுத வேண்டும். இன்டெல் டிரைவர் கையாளும் வழியும் இதுவே. அங்கும் வழக்கமான இடைவெளி 100 மைக்ரோ நொடி.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. வரி எண்ணைப் படித்ததிலிருந்து கடைசி எழுத்துவரை அந்த சிபியுவில் இன்டரப்ட்களை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நெட்வொர்க் இன்டரப்ட் ஒன்று நுழைந்து நம் கணக்கைக் கெடுத்துவிடும். அந்த இடைவெளிக்குள் முகவரி கணக்கிடுவது, மெமரி ஒதுக்குவது, லாக் வாங்குவது எதுவும் கூடாது. எல்லா மதிப்புகளையும் முன்பே கணக்கிட்டு வைத்துக்கொண்டு எழுதுவது மட்டுமே நடக்க வேண்டும். அடுத்து, எழுதும் முன்னும் பின்னும் சிப்பின் ஃபிரேம் எண்ணைப் படித்து ஒப்பிட வேண்டும். மாறியிருந்தால் தவிர்ப்பு தோற்றிருக்கிறது. அதை ஒரு எண்ணியில் ஏற்றிவைக்க வேண்டும். இந்த எண்ணி ஒன்று மட்டும் இருந்தால், களத்திலிருந்து வரும் ‘எப்போதாவது சிமிட்டுகிறது’ என்ற புகாருக்கு ஊகிக்காமல் விடை சொல்ல முடியும். எந்த டிரைவரிலும் இதை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிமிட்டலாக இல்லாமல் கிழிசலாக இருந்தால், முடிந்ததற்கான அறிவிப்பு முந்திக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். ரெஜிஸ்டரை எழுதியவுடனேயே அறிவிப்பு போய்விட்டால், நிரல் பழைய பஃபர் விடுபட்டுவிட்டது என்று நம்பி அதில் வரையத் தொடங்கும். சிப்போ அதைத்தான் இன்னும் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இதைச் சோதிக்க எளிய வழி, இரண்டு பஃபருக்குப் பதில் மூன்று பஃபர் வைத்து ஓட்டிப் பார்ப்பது. கிழிசல் மறைந்தால் அறிவிப்பு முந்துகிறது என்று உறுதி. ஆனால் மூன்றாவது பஃபரையே தீர்வாக விட்டுவிடக் கூடாது. சிப் புதிய முகவரியை எடுத்துக்கொண்டது உறுதியான பிறகு வரும் விபிளாங்கில்தான் அறிவிப்பு போக வேண்டும்.

ஒரு வரியிலிருந்து படம் பக்கவாட்டில் நழுவுகிறது

பளு கூடும்போது, திரையின் ஏதோ ஓர் உயரத்திலிருந்து கீழே முழுவதும் படம் நகர்ந்து, அடுத்த ஃபிரேமில் சரியானால், திரைக்குப் போகும் பிக்சல்கள் வரிசையில் காத்திருக்கும் சிறு நினைவகமான ஃபிஃபோ வறண்டுபோகிறது. பிக்சலுக்கு 4 பைட் வீதம் 148.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு மைக்ரோ நொடிக்கு 594 பைட்டுகள் தேவை. 8 கிலோபைட் ஃபிஃபோ நிறைந்திருந்தாலும் 13.8 மைக்ரோ நொடியில் காலியாகிவிடும். அது ஒரு வரிக்கும் குறைவு. மெமரி அந்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்றால் நழுவல்தான். சிப்பில் இந்த வறட்சியைக் குறிக்கும் அண்டர்ரன் பிட் இருந்தால் முதலில் அதைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மெமரியின் வேகத்தைக் குறைத்துக் கூட்டும் மின்சேமிப்பு ஏற்பாடு இங்கே முதல் சந்தேகத்துக்குரியது. வேகம் மாறும் சில கணங்கள் மெமரி யாருக்கும் பதில் தராது. எனவே அந்த மாற்றத்தை விபிளாங்குக்குள் முடிக்க வேண்டும். வழக்கமான மோடில் விபிளாங்க் 45 வரிகள், அதாவது 666 மைக்ரோ நொடி. குறைந்த பிளாங்கிங் மோடில் 31 வரிகளே. கால அளவு 465 மைக்ரோ நொடியாகச் சுருங்கிவிடும். 500 மைக்ரோ நொடி பிடிக்கும் ஒரு மாற்றம் ஒரு மானிட்டரில் நன்றாகவும் அடுத்ததில் நழுவலோடும் ஓடுவதற்கு இதுதான் காரணம்; மானிட்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. வாட்டர்மார்க் (ஃபிஃபோ எவ்வளவு குறைந்ததும் மெமரியைக் கேட்க வேண்டும் என்ற அளவு) மாற்றும் வரிசையும் முக்கியம். புதிய பிளேனைச் சேர்க்கும்போது முதலில் வாட்டர்மார்க்கை உயர்த்திவிட்டுப் பிறகு பிளேனை இயக்க வேண்டும். பிளேனை எடுக்கும்போது அதை நிறுத்தி, ஒரு விபிளாங்க் கடந்த பிறகே வாட்டர்மார்க்கைக் குறைக்க வேண்டும்.

பதிவு அச்சிட்டால் கோளாறு மறைகிறது

சீரியல் கன்சோல் 115200 பாட் (baud) வேகத்தில் நொடிக்கு 11520 எழுத்துகளைத்தான் அனுப்பும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு ஏறத்தாழ 7 மில்லி நொடி. ஒரு ஃபிரேமே 16.7 மில்லி நொடிதான். இரண்டு வரி அச்சிட்டால் டிரைவரின் நடை முற்றிலும் மாறிவிடும். ஆகவே நேரப் பிழையைத் தேடும்போது கன்சோலில் அச்சிடக் கூடாது. கர்னலின் எஃப்டிரேஸ் வசதியைக் கொண்டு மெமரியில் பதிந்து, பிறகு எடுத்துப் படிக்க வேண்டும். அச்சிட்டதும் மறைந்தது என்பதும் ஒரு தடயமே: அந்த இடத்தில் ஏதோ ஒன்று நேரம் கேட்கிறது.

பெரும்பாலும் அது இன்னும் போய்ச் சேராத எழுத்து. ரெஜிஸ்டரில் எழுது, 10 மைக்ரோ நொடி காத்திரு, அடுத்ததை எழுது என்று நிரல் சொல்கிறது. ஆனால் முதல் எழுத்து பஸ்ஸின் நடுவில் பஃபரில் தங்கிவிட, சிபியு தன் பங்குக்குக் காத்துவிட்டு இரண்டாவதை அனுப்ப, சிப்பிடம் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகப் போய்ச் சேர்கின்றன. முதல் எழுத்துக்குப் பின் அதே ரெஜிஸ்டரை ஒருமுறை படித்துவிட்டுக் காத்தால், எழுத்து சேர்ந்த பிறகே காத்திருப்பு தொடங்கும். தாமதத்தின் அளவை மாற்றாமலே கோளாறு தீரும்.

சூடான ரீபூட்டில் (மின்சாரத்தைத் துண்டிக்காத மறுதொடக்கத்தில்) பேனல் கறுப்பாகிறது, அல்லது தொடக்கத்தில் வெள்ளையாக மின்னுகிறது

பேனலின் டேட்டாஷீட்டில் உள்ள மின்சார வரிசைப் படம்தான் இங்கே சட்டம். எல்விடிஎஸ் இணைப்புள்ள பல பேனல்கள், மின்சாரத்தை நிறுத்திய பிறகு மீண்டும் கொடுப்பதற்குள் குறைந்தது 500 மில்லி நொடி இடைவெளி கேட்கின்றன. ரீபூட்டில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. டிரைவர் தொடங்கும்போது, பேனல் இப்போதுதான் அணைக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்க வேண்டும்; அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அணைத்த நேரத்தைக் குறித்துவைத்து, எஞ்சிய நேரம் மட்டும் காக்க வேண்டும். வெள்ளை மின்னல் என்றால், படம் வந்து நிலைபெறும் முன்பே பேக்லைட் எரிகிறது. டிஎஸ்ஐ இணைப்புள்ள பேனல்களில், தூக்கத்திலிருந்து எழுப்பும் கட்டளைக்கும் திரையை இயக்கும் கட்டளைக்கும் இடையே பல டேட்டாஷீட்டுகள் 120 மில்லி நொடி கேட்கின்றன. இதில் மிச்சம் பிடிக்க முயல வேண்டாம்.

படம் நன்றாக இருக்கிறது, ஒலி விட்டு விட்டு வருகிறது

எச்டிஎம்ஐயில் ஒலியின் கடிகாரம் பிக்சல் கிளாக்கிலிருந்து மானிட்டரில் மீட்டெடுக்கப்படுகிறது. அதற்கான விகிதத்தை N, சிடிஎஸ் (CTS) என்ற இரண்டு எண்கள் சொல்கின்றன. 48 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு N மதிப்பு 6144, சிடிஎஸ் மதிப்பு 148500. உண்மைக் கிளாக் 150 ஆக இருக்கும்போது டிரைவர் 148500 என்றே எழுதினால், மானிட்டர் 48.485 கிலோஹெர்ட்ஸில் வாசிக்கும். வருவதைவிட வேகமாக வாசிப்பதால் இடையிடையே ஒலி வறண்டு போகும். சிப் தானே சிடிஎஸ்ஸை அளக்கும் வசதி இருந்தால் அதை இயக்குவதே மேல்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும்போது திரை திரும்பி வரவில்லை

இங்கே கடைகளில் இது அடிக்கடி நடப்பது. பலகை தனி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, மானிட்டர் மட்டும் ஒரு கணம் அணைந்து எழுகிறது. அப்போது, மானிட்டர் இணைந்திருக்கிறதா என்று காட்டும் ஹாட்பிளக் கம்பி பல முறை ஏறி இறங்கும். இடிஐடி மாறியதை அறிவிக்கும் துடிப்பு குறைந்தது 100 மில்லி நொடி நீளம் இருக்க வேண்டும் என்பது எச்டிஎம்ஐ வழக்கு. எனவே அதைவிடக் குறுகிய ஏற்ற இறக்கங்களை டிரைவர் பொருட்படுத்தக் கூடாது. இன்டரப்டுக்குள்ளேயே இடிஐடியைப் படிக்கத் தொடங்காமல், கம்பி நிலைபெற்ற பிறகு தனி வேலையாகப் படிக்க வேண்டும். எழுந்தவுடன் சில மானிட்டர்களின் இடிஐடி உடனே பதில் தராது. ஒருமுறை தோற்றதும் இணைப்பு இல்லை என்று முடிவுகட்டாமல் சற்று விட்டு மீண்டும் கேட்க வேண்டும்.

மதியத்தில் மட்டும் வண்ணப் புள்ளிகள்

கத்தரி வெயிலில் தகரக் கூரையின்கீழ் இருக்கும் பலகையில், எழுத்துகளின் ஓரங்களில் மட்டும் வண்ணப் புள்ளிகள் மின்னி, மாலையில் மறைந்தால், பிக்சல் கிளாக்கின் எந்த விளிம்பில் (ஏற்றத்திலா இறக்கத்திலா) பேனல் மாதிரி எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். இணை ஆர்ஜிபி இணைப்புள்ள 800க்கு 480 பேனல் ஒன்று 33.3 மெகாஹெர்ட்ஸில் ஓடினால், ஒரு பிக்சலுக்கு 30 நானோ நொடி. சிப் தரவை மாற்றும் அதே விளிம்பில் பேனலும் மாதிரி எடுத்தால், கம்பி நீளமும் வெப்பமும் தரும் சில நானோ நொடி வேறுபாடுதான் பிக்சல் சரியா தவறா என்பதைத் தீர்மானிக்கும். எதிர் விளிம்பில் எடுத்தால் இரு பக்கமும் 15 நானோ நொடி இடம் கிடைக்கும்.

ஆஸிலாஸ்கோப்பில் கிளாக்கையும் ஒரு தரவுக் கம்பியையும் பேனல் பக்கத்து கனெக்டரில் வைத்தே பார்க்க வேண்டும். சிப் பக்கத்தில் பார்ப்பது இங்கே உதவாது. பிறகு பலகையின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் விளிம்பை மாற்றி, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் படத்தைத் திரையில் நிறுத்தி, பலகையை ஹேர் டிரையர் கொண்டு மதிய வெப்பத்துக்குச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். புள்ளி ஒன்றுகூட இல்லையென்றால் அந்த மாற்றத்தை அந்தப் பேனலின் விவரத்தில் நிரந்தரமாகச் சேர்க்கலாம். புள்ளிகள் குறைந்தும் முற்றிலும் போகவில்லை என்றால், விளிம்பு சரியாகிவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது கேபிளின் நீளத்தையும் அதன் கிரவுண்ட் இணைப்பையும்.